வளர்ப்பவர்களைத் தேடி: நீலகிரிப் பயணக் குறிப்புகள்

வியாழன், கோத்தகிரி

சீசன் கூட்டம் இறங்கிவிட்டது, பள்ளிக்கூடமும் திறந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பஸ் ஏறியபோது உட்கார இடம் கிடைத்தது. அரவேனு தாண்டும்போது மேகம் இறங்கி, ரோட்டோரத் தேயிலைச் செடிகூடத் தெரியவில்லை.

எதற்காக இந்தப் பயணம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவையில் நாங்கள் சில நண்பர்கள் மாதாமாதம் கொஞ்சம் பணம் ஒதுக்கி, அப்பா அம்மா இல்லாத பிள்ளைகளைத் தங்கள் வீட்டில் வைத்து வளர்க்கிறவர்களுக்கு அனுப்புகிறோம். பாட்டி, சித்தி, தாய்மாமா, சில இடங்களில் சொந்தமே இல்லாத பக்கத்து வீட்டுக்காரர். ஆதரவற்ற பிள்ளைகள் என்றதும் நமக்கு ஒரு கட்டடமும் வரிசையாக உட்கார்ந்திருக்கும் குழந்தைகளும்தான் மனதில் வருகிறார்கள். பெற்றோரை இழந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் ஏதோ ஒரு சொந்தக்காரர் வீட்டில்தான் வளர்கிறார்கள். அந்த வீட்டுக்கு யாரும் பிறந்தநாள் கேக் எடுத்துக்கொண்டு போவதில்லை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் அவர்களுக்கு ரொம்பக் கஷ்டமான மாதம். நேரில் பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினேன். கூடலூர்ப் பக்கம் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் கோத்தகிரியிலேயே வந்து சேர்ந்துகொண்டார். இந்த மலையில் அவருக்குத் தெரியாத லைன் வீடு, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு, குறைவு.

இந்தக் குறிப்புகளில் பிள்ளைகளின் பெயரோ படமோ பள்ளிக்கூடமோ வராது. 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 74-வது பிரிவு அதைத் தடை செய்கிறது. மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும் போட்டிருக்க மாட்டேன். ‘அம்மா இல்லாத பிள்ளை’ என்ற அடையாளத்தோடு ஒரு படம் சுற்ற ஆரம்பித்தால், அந்தப் பிள்ளை வேலைக்குப் போகும் வயதிலும் அது சுற்றிக்கொண்டிருக்கும்.

இன்று பார்த்தது ஒரு சித்தி. இறந்துபோன தன் அக்காவின் இரண்டு மகள்களையும் தன் மகனையும் சேர்த்து வளர்க்கிறார். அக்கா நோயில் இறந்தார். அக்கா வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனவர், போனும் எடுப்பதில்லை. சித்தி பிறர் தோட்டத்தில் கொழுந்து பறிக்கப் போகிறார். டீயை நீட்டியபோது பார்த்தேன், விரல் நுனியெல்லாம் தேயிலைக் கறை ஏறிக் கறுத்திருந்தது. சோப்புப் போட்டாலும் போகாதாம்.

துணிமணி ஏதாவது வேண்டுமா என்று கேட்டேன். “துணி கெடக்கு. கவர்மெண்ட்லயே ஸ்வெட்டர், ரெயின்கோட், பூட்ஸ் எல்லாம் தர்றாங்க. இந்தப் புள்ளைங்க பேர என் கார்டுல ஏத்த முடியல, அதுதான்” என்றார். பிள்ளைகளின் பெயர் இறந்துபோன அம்மாவின் ரேஷன் கார்டில் இருக்கிறது. அங்கே நீக்கினால்தான் இங்கே சேர்க்க முடியும். அந்தக் கார்டின் குடும்பத் தலைவர் போன் எடுக்காத அப்பா. ஆக, சித்தியின் கார்டில் இருக்கும் மூன்று பேருக்கு வாங்கும் அரிசியில் ஐந்து பேர் சாப்பிடுகிறார்கள்.

என்னோடு வந்த அங்கன்வாடி அக்கா தன் நோட்டில் எழுதிக்கொண்டார்: இறப்புச் சான்றிதழ் நகல், பள்ளியிலிருந்து ஒரு சான்று, வட்ட வழங்கல் அலுவலகம். கிளம்பும்போது பெரிய பெண் ஓடிவந்து, கணக்கு நோட்டு கோடு போடாததாக வாங்கித் தர முடியுமா என்று கேட்டாள். கடைக்குப் போய் வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

வெள்ளி, குன்னூரிலிருந்து ஊட்டி

காலையில் கோத்தகிரியிலிருந்து குன்னூர் வந்து, அங்கிருந்து மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-ல் ஓடத் தொடங்கிய ரயில், 1908-ல் ஊட்டியைத் தொட்டது. வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஸ்டேஷன்கள். எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டிருக்க, நான் கேத்தியையும் லவ்டேலையும் வேறு காரணத்துக்காகப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

லவ்டேலில் இருக்கும் லாரன்ஸ் பள்ளி இன்று நாட்டின் பெயர்பெற்ற உறைவிடப் பள்ளிகளில் ஒன்று. 1858-ல் அது தொடங்கியபோது அதன் பெயர் லாரன்ஸ் அசைலம், அதாவது அடைக்கல இல்லம். இந்தியாவில் இறந்துபோன பிரிட்டிஷ் சிப்பாய்களின் அநாதைப் பிள்ளைகளையும், உயிரோடிருந்த சிப்பாய்களின் பிள்ளைகளையும் வளர்க்கக் கட்டியது. கேத்தியில் இருக்கும் பள்ளியும் அப்படித்தான். 1914-ல் கொடைக்கானலில் செயின்ட் ஜார்ஜ் ஹோம்ஸ் என்ற பெயரில், ஏழை ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்காக ஆரம்பித்து, பிறகு இங்கே இடம் மாறியது. சமவெளியின் வெக்கையிலும் காய்ச்சலிலும் பிள்ளைகள் செத்துவிடுவார்கள், குளிர்ந்த மலைதான் நல்லது என்று அப்போது நம்பினார்கள். பழனி மலையிலும் நீலகிரியிலும் இத்தனை இல்லங்களும் உறைவிடப் பள்ளிகளும் ஏன் என்று கேட்டால், பதிலில் பாதி இந்த நம்பிக்கையில் இருக்கிறது.

அந்தக் கட்டடங்களைக் கட்டியவர்களின் நல்லெண்ணத்தை நான் சந்தேகப்படவில்லை. ஆனால் பிள்ளையைக் காப்பாற்றுவது என்றால் பிள்ளையை எங்கேயோ கொண்டுபோய் வைப்பது என்ற பழக்கம் அப்படியே தங்கிவிட்டது. 2015 சட்டம் இதற்கு நேர் எதிராகச் சொல்கிறது: குடும்பத்தில் வளர்வது குழந்தையின் உரிமை, இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது கடைசியாகச் செய்ய வேண்டியது.

மதியம் ஊட்டி பிங்கர் போஸ்ட் பக்கம் இறங்கி, திட்டங்களைப் பற்றி விசாரித்தோம். தெரிந்துகொண்டதை எழுதுகிறேன், யாருக்காவது பயன்படும்.

மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளை, கணவனை இழந்தவர் அல்லது கைவிடப்பட்டவரின் பிள்ளை, பெற்றோருக்கு உயிர்க்கொல்லி நோய் உள்ள பிள்ளை, இவர்களுக்கு மாதம் 4,000 ரூபாய். மக்கள் இதை ‘நாலாயிரம் ரூபா திட்டம்’ என்கிறார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்க வேண்டும், ஒரு குழு பார்த்து ஒப்புதல் தரும். தமிழக அரசின் அன்புக் கரங்கள் திட்டம் 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவரை இழந்து இன்னொருவரால் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைகளுக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய். கொரோனாவில் இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு வைப்பதாக 2021-ல் அறிவித்தார்கள். அந்தப் பிள்ளைகளில் பெரியவர்கள் ஏற்கெனவே 18-ஐத் தாண்டிவிட்டார்கள்.

எனக்கு உறுத்துவது வருமான வரம்பு. வாத்சல்யா நிதி ஆதரவுக்குக் கிராமப்புறத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும், மற்ற இடங்களில் 96,000. மாதக் கணக்கில் பார்த்தால் கிராமத்தில் 6,000. எஸ்டேட்டில் நிரந்தரமாக, மாதம் முழுக்க வேலைக்குப் போகும் ஒருவர் அதைத் தாண்டிவிடுவார். தன் இரண்டு பிள்ளைகளோடு தம்பியின் இரண்டு பிள்ளைகளையும் சேர்த்துச் சோறு போடுகிற ஒருவர், லீவே போடாமல் வேலைக்குப் போவதாலேயே வரம்புக்கு வெளியே நிற்கிறார். எத்தனை வயிறு என்பதையும் சேர்த்துக் கணக்குப் பார்க்க வேண்டும். இதை எங்கே சொல்ல முடியுமோ அங்கெல்லாம் சொல்லிக்கொண்டே இருக்கப்போகிறேன்.

சனி, ஊட்டி

வீடுகளைப் பற்றியே எழுதுகிறாயே, இல்லங்கள் வேண்டாம் என்கிறாயா என்று சிலர் கேட்டார்கள். இல்லை. போக இடமே இல்லாத பிள்ளைகள் இருக்கிறார்கள். வீடே ஆபத்தாக இருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இன்று ஊட்டிக்கு வெளியே பெண் குழந்தைகள் இல்லம் ஒன்றுக்குப் போனோம். பதிவு பெற்ற இல்லம், பிள்ளை எங்கே வளர வேண்டும் என்று முடிவு செய்யும் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடுதான் பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள்.

நான் அதிக நேரம் பேசியது அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் அம்மாவிடம். பெரிய ஹாலின் ஒரு மூலையில் அவர் கட்டில். ராத்திரி யார் இருமினாலும், யார் கனவு கண்டு அழுதாலும் அவர்தான் எழுந்திருக்க வேண்டும். பேசிக்கொண்டே ஒரு சின்னப் பெண்ணுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார். சிக்கை எடுக்கும்போது முடியின் அடியை இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து மேலே மேலே சீவினார், பிள்ளைக்கு வலிக்காமல். அந்தப் பெண் அவர் மடியில் சாய்ந்துகொண்டு பாடப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தாள். ரிப்பன் கட்டி முடித்ததும் அடுத்த பெண் வந்து உட்கார்ந்தாள்.

“எனக்கும் ஒரு மகள் இருக்கா, மஞ்சூர்ல எங்க அம்மாகிட்ட. அவளுக்குத் தலை பின்னி எவ்வளவு நாளாச்சு” என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி அவர் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

இல்லத்துக்கு நன்கொடை என்றால் அரிசி, பருப்பு, கம்பளி, கட்டடத்துக்குப் பெயின்ட் என்று தருகிறார்கள். இந்த அம்மாவுக்குப் பதில் ஆள் போட்டு மாதத்தில் சில நாள் வீட்டுக்கு அனுப்ப யாரும் தருவதில்லை. பார்த்துக்கொள்கிறவர் களைத்துப்போனால் முதலில் அடிபடுவது பிள்ளைதான். இப்படி ஒருவர் விட்டுப் போனால், அந்தப் பிள்ளைகளுக்கு அது இன்னொரு அம்மா போன மாதிரி. பதில் ஆளுக்கான சம்பளத்தை நாம் ஏற்கலாமா என்று நண்பர்களிடம் கேட்டிருக்கிறேன். நான் ஏற்கலாம் என்கிற பக்கம்.

விசாரித்ததில் தெரிந்தது, அங்கிருக்கும் பிள்ளைகளில் பலருக்கு அம்மாவோ அப்பாவோ இருக்கிறார்கள். வறுமையால்தான் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கையில் மாதம் ஒரு தொகை வந்தால் கூட்டிக்கொண்டு போய்விடுவேன் என்று சொன்ன தாய்மாரும் உண்டாம்.

பெரிய பெண் ஒருத்திக்கு இந்த வருடம் 18 முடிகிறது. அதற்குப் பிறகும் 21 வயது வரை பின்தொடர் பராமரிப்புக்குச் சட்டத்தில் இடமிருக்கிறது, வாத்சல்யாவில் அதற்கும் மாதம் 4,000 உண்டு. அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் கல்லூரி போனால் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாயும் வரும். நர்சிங் படிக்க ஆசை என்றாள். செமஸ்டர் லீவில் ஹாஸ்டலை மூடினால் எங்கே போவது என்பதுதான் அவள் கவலை. மற்றவர்கள் ஊருக்குப் போவார்கள். அக்கா அவளுடைய நம்பரை வாங்கிக்கொண்டு, “எங்க வீட்டுக்கு வா, கூடலூர்தான்” என்றார். வாய்வார்த்தைக்குச் சொல்லவில்லை. பஸ் எந்த ஸ்டாப்பில் நிற்கும் என்றுகூட எழுதிக் கொடுத்தார்.

ஞாயிறு, பந்தலூர்

ஊட்டியிலிருந்து பைக்காரா, நடுவட்டம் வழியாகக் கூடலூர். நடுவட்டம் இறக்கத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. தேவாலாவில் ஜன்னலுக்கு வெளியே தண்ணீரைத் தவிர ஒன்றுமில்லை. தென்மேற்குப் பருவமழையில் தேவாலா, பந்தலூர்ப் பக்கம் பெய்கிற மழையை ஊட்டிக்காரர்களே நம்ப மாட்டார்கள்.

இந்தப் பக்கத்துத் தேயிலைக்குப் பின்னால் ஒரு பெரிய இடப்பெயர்வு இருக்கிறது. 1964-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தத்தில் இலங்கை மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வதாக முடிவானது. இப்படி வந்தவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் தமிழக அரசு 1968-ல் இங்கே தேயிலை பயிரிட ஆரம்பித்தது. அதுவே பிறகு டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. நாங்கள் பார்க்கப் போன பாட்டி அப்படிச் சிறுமியாக வந்தவர். ஹட்டன் பக்கத்துத் தோட்டம், தலைமன்னாரில் கப்பல், மண்டபம் முகாம், அப்புறம் இந்த மலை.

லைன் வீடு. முன்னால் ஒரு திண்ணை, உள்ளே ஒரு அறை, பின்னால் அடுப்படி. பேரனுக்குப் பன்னிரண்டு வயது, பேத்தி மூன்றாம் வகுப்பு. பாட்டியின் மகன் ஒரு சாயங்காலம் கடைக்குப் போய்த் திரும்பும்போது யானை அடித்து இறந்தார். கூடலூர், பந்தலூரில் இது அடிக்கடி கேட்கிற சாவு. மருமகள் கொஞ்ச நாள் இருந்தார். பிறகு வயநாட்டுப் பக்கம் வேலைக்குப் போனார், அங்கேயே இன்னொரு கல்யாணம். பாட்டி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. “அவளுக்கும் சின்ன வயசுதானே தம்பி” என்றார். பாட்டிக்கு முதியோர் உதவித்தொகை 1,200 ரூபாய் வருகிறது. முட்டி வலியால் கொழுந்துக்குப் போவதை நிறுத்தியாகிவிட்டது.

பேப்பர் ஏதாவது இருந்தால் காட்டுங்கள் பாட்டி என்றதும், சாமி படத்துக்குப் பின்னாலிருந்து ஒரு மஞ்சப்பையை எடுத்தார். உள்ளே பிளாஸ்டிக் கவர், அதற்குள் இன்னொரு கவர். முதலில் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்துப் பாயில் வைத்து, மடிப்பை உள்ளங்கையால் நீவி விட்டார். மகனின் இறப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு, தான் இலங்கையிலிருந்து வந்தபோது கொடுத்த பழுப்பேறிய குடும்ப அட்டை, பேரன் பேத்தியின் ஆதார், பேரனின் பிறப்புச் சான்றிதழ். படிக்கத் தெரியாது. ஆனால் எது எந்தத் தாள் என்று அதன் கிழிசலை வைத்தே சொன்னார்.

சிக்கல் பிறப்புச் சான்றிதழில் இருந்தது. பந்தலூர்க்காரர்கள் பலர் பிரசவத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுல்தான் பத்தேரிக்குப் போவார்கள், அது கேரளா. பேரன் பிறந்தது அங்கே. சான்றிதழில் பெயர் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, அப்பா பெயரின் இனிஷியலும் மாறியிருக்கிறது. இதனாலேயே வங்கிக் கணக்கு திறக்கவில்லை. கணக்கு இல்லாமல் எந்தத் திட்டத்தின் பணமும் வராது. இரண்டு எழுத்து மாறியதில் வருடக்கணக்காகப் பணம் நிற்கிறது. பேத்தி பிறந்தது பந்தலூரிலேயே என்பதால் அவள் தாள்கள் சரியாக இருக்கின்றன.

நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பாட்டி அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்: “நான் போயிட்டா இதுங்கள யாரு பாத்துக்குவா? அதுக்கு ஒரு பேப்பர் இருக்கா?”

பணத்தைப் பற்றி அவர் கேட்கவே இல்லை. இதைத்தான் கேட்டார். வயதானவர்கள் வளர்க்கும் எல்லா வீட்டிலும் இந்தக் கேள்வி இருக்கிறது, வாய்விட்டுக் கேட்கிறவர்கள் குறைவு. எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். குழந்தைகள் நலக் குழுவிடம் இப்போதே போய், பிள்ளைகள் பாட்டியிடம் வளர்கிறார்கள் என்று பதிய வைக்கலாம். பாட்டிக்குப் பிறகு யார் என்பதையும் எழுதிக் கொடுக்கலாம். தகுதியான நபர் என்று குழு விசாரித்து ஏற்றுக்கொண்டால், பிள்ளையை அவரிடம் ஒப்படைக்கச் சட்டம் அனுமதிக்கிறது. பாட்டி சொல்வதே முடிவாகிவிடாது, ஆனால் அவர் சொன்னது ஃபைலில் இருக்கும். யாரைச் சொல்வீர்கள் என்று கேட்டோம். யோசிக்கவே இல்லை. அடுத்த லைனில் இருக்கும் ஒரு பெண்ணைக் காட்டினார். சொந்தமில்லை, மகனோடு படித்தவள். பேத்தி பாதி நாள் அங்கேதான் சாப்பிடுகிறாளாம். அவளும் வந்து திண்ணையில் உட்கார்ந்து, “எங்க வீட்ல எங்க வீட்டுக்காரர்கிட்டயும் கேட்டுட்டேன், சரின்னுட்டார்” என்றாள். இவர்களுக்குள் இந்தப் பேச்சு எப்போதோ முடிந்துவிட்டிருக்கிறது. எழுதி வைக்கத்தான் ஆள் இல்லை.

மழை விடவே இல்லை. இருட்டினால் யானை வரும் என்று பேரன் எங்களை டார்ச் எடுத்துக்கொண்டு பஸ் நிற்கும் இடத்துக்குப் பாதி வழி வரை கொண்டுவந்து விட்டான். திரும்பி அவன் தனியாகப் போக வேண்டுமே என்று அக்கா அவனை அங்கேயே நிறுத்தி, தெரிந்த ஜீப்காரரை வரச் சொல்லி வீட்டில் விட்டுவிட்டு வரச் செய்தார்.

திங்கள், பந்தலூர், கூடலூர்

காலையில் தாலுகா அலுவலகம், இ-சேவை மையம். வருமானச் சான்றிதழுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் பதிந்தாயிற்று. சர்வர் வேலை செய்யாததால் மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். பாட்டியின் விருப்பத்தை அக்கா வெள்ளைத் தாளில் எழுத, பாட்டி கைநாட்டு வைத்தார், பக்கத்து லைன் பெண் கையெழுத்துப் போட்டாள். ஊட்டியில் குழந்தைகள் நலக் குழுவிடம் அதை நேரில் கொடுக்க வேண்டும். பந்தலூரிலிருந்து போய்வர ஒரு நாள் முழுக்க ஆகும். அந்த நாள் கூலி போகும் என்பதால் அந்தப் பெண் யோசித்தாள். எங்கள் பணத்திலிருந்து பஸ் செலவையும் அன்றைய கூலியையும் கொடுப்பதென்று முடிவு செய்தோம். பழைய துணி அனுப்பலாமா என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில்: துணி வேண்டாம், ஒருவர் அலுவலகத்துக்குப் போகும் நாளின் கூலியைக் கொடுங்கள்.

கூடலூர் வந்து ஆதிவாசி மருத்துவமனையில் ஒரு பணியர் குடும்பத்தைப் பார்த்தோம். மாமாவிடம் வளரும் பையனுக்குச் சிக்கிள் செல் ரத்தசோகை என்ற பரம்பரை ரத்த நோய். வலி வரும்போதெல்லாம் மாமா வேலையை விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறார். இந்த ஆஸ்பத்திரியில் நர்ஸ்களாக இருப்பவர்கள் ஆதிவாசிப் பெண்களே, பையனிடம் அவன் மொழியிலேயே பேசுகிறார்கள். அந்த மாமாவுக்கும் அதே நாள் கூலிக் கணக்குதான் வேண்டும், எழுதிக்கொண்டேன். நடுராத்திரியில் பிள்ளைக்கு ஆபத்து என்றால் குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐக் கூப்பிடலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவருடைய போனில் பதிந்து கொடுத்தோம்.

மீதி இருந்தது பத்தேரி சான்றிதழ். திருத்த விண்ணப்பத்தில் பெற்றோர் கையெழுத்து வேண்டுமாம். பாட்டியிடம் மருமகளின் நம்பர் இருந்தது, இவ்வளவு நாள் கூப்பிட்டதில்லை. அக்கா கூப்பிட்டார். எடுத்ததும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. விஷயத்தைச் சொன்னதும், “எப்ப வரணும்க்கா?” என்று மட்டும் கேட்டார். புதன்கிழமை காலை பத்து மணிக்குப் பத்தேரி நகராட்சி அலுவலகத்துக்கு வருகிறார். பேரனையும் கூட்டிக்கொண்டு வரலாமா என்று பாட்டி கேட்டார். வகுப்பு ஆசிரியரிடம் அன்றைக்கு லீவ் சொல்லியாயிற்று.